விறகுக் கொட்டகை மெழுகுவர்த்தி

குச்சியை உரசுவதற்குள் காற்று முந்திக்கொண்டது. நோயெலா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக் கீழே போட்டாள். கோட்டின் ஒரு பக்கத்தை விரித்துத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு இன்னொரு குச்சியை உரசினாள். இந்த முறை பிடித்தது. லாந்தர்க் கண்ணாடிக்குள் திரி நீலமாகச் சுருங்கிப் பிறகு நிமிர்ந்தது. அது நிற்கிறதா என்று பார்க்க மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

பின்னால் சமையலறைக் கதவு திறந்தது.

"அண்ணி, அண்ணன் முழிச்சுக்கிட்டார். உங்களத்தான் தேடறார்."

லூசியனின் தங்கை ஜானின் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி நின்றிருந்தாள். நான்கு நாளாக இங்கேதான் இருக்கிறாள். தன் வீட்டை யாரிடம் விட்டுவிட்டு வந்தாள் என்று நோயெலா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"வரேன். அணைஞ்சு போச்சு, அதான்."

"உள்ள மனுஷன் கெடக்கறார். நீங்க இங்க மெழுகுவர்த்தியோட மல்லுக்கட்டிட்டு நிக்கறீங்க."

நோயெலா பனியில் கிடந்த கையுறையை எடுத்து உதறினாள்.

சமையலறை ஜன்னலில் இருந்திருக்க வேண்டிய மெழுகுவர்த்தி அது. மற்ற அம்மாக்கள் எல்லோரும் அங்கேதான் வைத்திருந்தார்கள். ஜார்ஜியாவிலிருந்தும் ஒஹையோவிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ அவர்கள் அனுப்பும் படங்கள் நோயெலாவின் செல்போனில் வந்து விழுந்தபடி இருந்தன. ஒரு ஜன்னல், ஒரு சுடர், பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு பையன் அல்லது பெண்ணின் புகைப்படம். மரைன் படையில் சேர்ந்த பிள்ளைகள் தென் கரோலினாவில் உள்ள ஒரு தீவில் நடக்கும் பயிற்சியின் கடைசிச் சோதனைக்குள் போய்விட்டார்கள். சுமையைத் தூக்கிக்கொண்டு இரவும் பகலும் நடை. அரைத் தூக்கம், அரைச் சாப்பாடு. அதைக் கடந்தவர்களுக்குத்தான் சின்னம் கிடைக்கும். அவர்கள் கடக்கிறவரை வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி அணையாமல் எரிய வேண்டும். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது. மகள் காமில் அதற்குள் போன விடியற்காலையிலிருந்து நோயெலா எரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் வீட்டுக்குள் முடியாது. லூசியனின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் ஏறிய அன்றே நர்ஸ் கெய்ல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இந்த வீட்டுக்குள்ள இனிமே நெருப்புன்னு ஒண்ணு இருக்கக் கூடாது. சிகரெட், மெழுகுவர்த்தி, விறகடுப்பு, எதுவும்." அக்டோபரில் லூசியன் பிளந்து அடுக்கிய விறகு கொட்டகையில் அப்படியே இருந்தது. வீடு முழுக்க மின்சார ஹீட்டர்தான். விறகடுப்பு இல்லாத வீட்டில் குளிர் வேறு மாதிரி இருக்கிறது என்று லூசியன் ஒருமுறை முனகினான். ஆகவே லாந்தரைக் கொட்டகையின் விறகு அடுக்கின் மேல் வைத்திருந்தாள். கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் சுவர். மெய்ன் மாநிலத்தின் எல்லையான ஆற்றுக்கு அந்தப் பக்கம், கனடாவிலிருந்து வரும் காற்று நான்காவது பக்கம் வழியாகத் தாராளமாக உள்ளே வந்து போனது.

வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது ஜானின் மெதுவாகச் சொன்னாள்.

"காமிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மெழுகுவர்த்தியே தேவைப்பட்டிருக்காது. இந்நேரம் அவங்கப்பா பக்கத்துல உக்காந்திருப்பா."

"உங்கண்ணன்தான் வேண்டாம்னுட்டார். எத்தன தடவ சொல்றது ஜானின்?"

அப்பா இல்லாமல் வளர்ந்த ஜானினுக்கு அண்ணன் சொன்னால் சொன்னதுதான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னது அண்ணன், அவனை விட்டுவிட்டு வா என்று சொன்னதும் அண்ணன். அவள் நோயெலாவின் ஈரக் கையுறையை வாங்கி ஹீட்டர் மேல் விரித்துப் போட்டாள்.

*

லூசியனின் படுக்கையை முன்னறையில், ஆறு தெரிகிற ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். ஆறு உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. முப்பது வருடம் உருளைக்கிழங்கு லாரி ஓட்டிய உடம்பு. ஒரு சிப்பத்தை ஒரு கையால் தூக்கித் தோளில் போடுகிறவன். இப்போது போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிற அடையாளம் முழங்கால் மட்டும்தான்.

"எங்க போயிருந்த?"

"இங்கதான். கொட்டகைக்கு."

"கொட்டகைல என்ன?"

"விறகு நனையுதான்னு பாத்தேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மெழுகுவர்த்தியைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சோதனை நடக்கிறது என்று சொன்னால், 'முடிஞ்சதும் வருவாளா' என்று கேட்பான் என்ற பயமாக இருக்கலாம்.

காமில் நவம்பரில், கிழங்கு அறுவடை எல்லாம் முடிந்து வயல் கறுப்பாகக் கிடந்தபோது கிளம்பினாள். மரைனில் சேரப் போகிறேன் என்று அவள் முதலில் சொன்னபோது லூசியன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கிழங்கு சிப்பம் தூக்கற பொண்ணுக்கு அவங்க புதுசா என்ன சொல்லித் தரப் போறாங்களாம்?" என்றான். அவனுக்கு இஷ்டமில்லை. கிளம்புகிற வரைக்கும் வெளிப்படையாகச் சொல்லவுமில்லை, ஏதாவது வேலையை இழுத்துவிட்டு அவளைக் கூடவே வைத்துக்கொண்டான். அவளை அனுப்பியது நோயெலாதான். "போ. இங்க இருந்து என்ன பண்ணப் போற? பள்ளிக்கூடச் சமையல்கட்டுல எங்கூட நின்னு பாத்திரம் தேய்ப்பியா?" என்றாள்.

லூசியனுக்கு இருமல் அப்போதே இருந்தது. குளிர்கால இருமல் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது நெஞ்சில் பாதிக்குமேல் வெள்ளையாக இருந்தது.

புது வருடம் பிறந்து கொஞ்ச நாளில், ஒரு நல்ல வெயில் காலை. லூசியன் அப்போது உட்கார்ந்து சாப்பிடுவான். ஓட்ஸ் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"நோயெலா, காமிலுக்குச் சொல்லிடலாமா?"

வண்டிக்கு டயர் மாற்றிவிடலாமா என்று கேட்பானே, அந்தக் குரலில்.

"இன்னும் கொஞ்ச நாள்தான லூசியன். முடிச்சிடட்டும். இப்ப சொன்னா கிளம்பி வந்துடுவா. வந்தா அப்பறம் திரும்பப் போக மாட்டா."

அவன் அவளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "அதுவும் சரிதான்," என்றான். கஞ்சியில் இன்னும் கொஞ்சம் மேப்பிள் பாகு ஊற்றச் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், ஜானினுக்கு, பாதிரியாருக்கு, நர்ஸுக்கு, நோயெலா ஒரே பதிலைத்தான் சொன்னாள். அவர்தான் வேண்டாம்னுட்டார். சொல்லிச் சொல்லி அது கிட்டத்தட்ட நடந்ததைப் போலவே ஆகிவிட்டது.

செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். அவர்கள் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு தீவுக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். எண்ணை கெய்லே குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். பால் எடுக்கும்போதெல்லாம் நோயெலா அதைப் பார்த்தாள்.

அவளுக்கும் ஒரு போன் வந்ததுண்டு. பத்தொன்பது வயதில், பாங்கோரில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில். அம்மாவுக்கு நெஞ்சுவலி, உடனே வா. பெட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் பஸ் பிடித்து வந்தாள். அம்மா இரண்டு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இருபது வருடம் நோயெலாவின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருந்தாள். நோயெலா திரும்பிப் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம், வசந்தம் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், லூசியனோடு நடனத்துக்குப் போய், எல்லாம் அப்படியே முடிந்துவிட்டது. மோசமான வாழ்க்கை என்று சொல்ல மாட்டாள். ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டாமோ என்று நினைக்காத வருடம் ஒன்றுகூட இல்லை.

*

பத்து மணிக்கு மேல் கெய்ல் வந்தாள். லூசியனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். நாக்குக்கு அடியில் மருந்தைச் சொட்டுவிட்டாள். நோயெலாவைச் சமையலறைக்கு அழைத்தாள்.

"இன்னிக்குள்ளன்னு நெனைக்கறேன் நோயெலா. ராத்திரி தாண்டாது. பக்கத்துலயே இருங்க."

"வலி இருக்குமா?"

"இல்ல. மருந்து பாத்துக்கும்." கெய்லின் கண் குளிர்பெட்டிக் கதவுக்குப் போய்த் திரும்பியது. கோட்டை மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டில் ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.

நோயெலா நாற்காலியைப் படுக்கையோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜானின் மறுபக்கம். லூசியன் நாலைந்து நாளாகவே இங்கிலீஷை விட்டுவிட்டான். சின்ன வயதில் வீட்டில் பேசிய ஃபிரெஞ்சுதான் வாயில் வந்தது. பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி விழும் என்று அந்தக் காலத்தில் மறைத்து மறைத்துப் பேசிய பேச்சு.

"பஸ் வந்துடுச்சா?" என்றான் திடீரென்று.

ஜானின் நோயெலாவைப் பார்த்தாள்.

"எந்த பஸ் லூசியன்?"

"ஸ்கூல் பஸ். குல்லா போட்டுக்காம நிக்கறா பாரு. காது உறைஞ்சிடும்."

காமில் சின்னவளாக இருந்தபோது குளிர்காலத்தில் லூசியனுக்கு வேலை கம்மி. அவளைக் கூட்டிக்கொண்டு சாலை முனைக்குப் போய் பஸ் வருகிற வரை நிற்பான். இரண்டு பேரும் வாயால் புகை விட்டு யாருடையது பெரிது என்று பார்ப்பார்கள்.

"இன்னும் வரல," என்றாள் நோயெலா. "வந்துடும்."

"நீ போய்ப் பாரு."

"போறேன்."

"குல்லாவ எடுத்துட்டுப் போ."

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். மூச்சு ஒரு சீராக வந்தது. ஆக்ஸிஜன் இயந்திரம் மூலையில் முனகிக்கொண்டிருந்தது. ஜானின் எழுந்து காபி வைக்கச் சமையலறைக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே காற்று பனியைத் தரையோடு சீவி எடுத்துத் தூவுவதை நோயெலா பார்த்தாள். கொட்டகை இங்கிருந்து தெரியாது.

செல்போன் ஒரு முறை அதிர்ந்தது. ஜார்ஜியாவில் இருக்கும் டார்னெல்லா. 'இங்கே மழை கொட்டுகிறது. ஆனால் என் விளக்கு நின்று எரிகிறது. மெய்னில் எப்படி?' என்று எழுதியிருந்தாள்.

நோயெலா எழுந்தாள். அவன் தூங்குகிறான். ஒரு நிமிடம். போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பஸ்ஸைப் போய்ப் பார் என்று அவன்தானே சொன்னான் என்றுகூட மனம் ஒரு சாக்கு சொன்னது. பூட்ஸைப் போடும்போது ஜானின் அடுப்பங்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. லாந்தர்க் கண்ணாடிக்குள் பொடிப்பனி புகுந்து மெழுகின் மேல் படிந்திருந்தது. விரலால் வழித்தாள். திரி நனைந்துவிட்டிருந்தது. நுனியைக் கிள்ளிப் போட்டுவிட்டு உரசினாள். பிடிக்கவில்லை. மறுபடி. லாந்தரைத் தூக்கி மூலையில், இரண்டு விறகு அடுக்குகளுக்கு நடுவே வைத்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து உரசினாள். கை விறைத்துப் போனது. பிடித்தது. இந்த மூலையை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. சுடர் ஆடாமல் நின்றது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே மண்டியிட்டிருந்தாள். 'நடம்மா, நட,' என்றாள் சுடரைப் பார்த்து.

உள்ளே வந்தபோது ஜானின் முன்னறை வாசலில், காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை.

ஆக்ஸிஜன் இயந்திரம் முனகிக்கொண்டுதான் இருந்தது. அதோடு சேர்ந்து வந்த இன்னொரு சத்தம் இல்லை.

நோயெலா பூட்ஸோடு உள்ளே போனாள். லூசியன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தான். அவன் கன்னத்தில் கை வைத்தாள். அவள் கைதான் சில்லென்று இருந்தது. அவன் இன்னும் சூடாக இருந்தான்.

"நான் பால் எடுக்கத் திரும்பினேன் அண்ணி," என்றாள் ஜானின். "அவ்வளவுதான். திரும்பினேன்."

நோயெலா குழாயை அவன் மூக்கிலிருந்து எடுத்தாள். காதுக்குப் பின்னால் அது அழுத்தியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொடுத்தாள். பிறகு போய் இயந்திரத்தை நிறுத்தினாள். வீட்டில் இவ்வளவு அமைதி எங்கே இருந்தது என்று தோன்றியது. மேஜை மேல் செல்போன் மறுபடி அதிர்ந்து, நகர்ந்து, நின்றது.

*

கெய்ல் வந்து பார்த்து நேரம் குறித்துக்கொண்டாள். அடக்கக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி சாலையில் திரும்பி மறைந்ததும் ஜானின் குளிர்பெட்டிக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இப்பவாவது கூப்பிடணும் அண்ணி."

"நாளைக்குக் காலைல முடிஞ்சிடும்."

"அப்பா செத்துட்டார் அவளுக்கு."

"தெரியும் ஜானின். எனக்கும் புருஷன் செத்துட்டார்." நோயெலாவின் குரல் உயரவில்லை. "இனிமே அவ ஓடி வந்தாலும் அவர் முகத்துல ஒண்ணும் மாறப் போறதில்ல. ஒரு ராத்திரி. அது அவளுக்கு இருக்கட்டும்."

"இதும் அண்ணன் சொன்னதா?"

நோயெலா அவளைப் பார்க்காமல், லூசியனின் போர்வையை மடித்தாள். "ஆமா," என்றாள்.

ஜானின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள். வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்றுதான் நோயெலா நினைத்தாள். கார் கிளம்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கேட்கவில்லை. சோபாவில் சாய்ந்தவள் அப்படியே உடையோடு தூங்கிப்போனாள்.

விழித்தபோது விடிந்திருந்தது. அணைந்திருக்கும் என்று தெரிந்தேதான் கொட்டகைக்குப் போனாள். மூலையில் லாந்தர் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தது வேறு மெழுகுவர்த்தி, புதியது, பாதிக்கு மேல் உயரம். பக்கத்தில் விறகின் மேல் ஒரு காபிக் கோப்பை, அடியில் கொஞ்சம் உறைந்து போய். சமையலறையில் ஜானின் ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் குளமாகியிருந்தது.

செல்போனில் அம்மாக்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். நோயெலா மறுபடி கொட்டகைக்குப் போய் லாந்தரைத் திறந்து ஊதி அணைத்தாள். உள்ளே வந்து குளிர்பெட்டிக் கதவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். செஞ்சிலுவையில் பேசிய பெண் இறந்த நேரத்தைக் கேட்டாள். நேற்று என்று நோயெலா சொன்னபோது அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

*

காமிலை விமான நிலையத்திலிருந்து ஜானின்தான் கூட்டி வந்தாள். இறுதிப் பூசைக்கு முந்தின நாள் மத்தியானம். சீருடையில் வாசலில் நின்ற பெண்ணை நோயெலா ஒரு கணம் யாரோ அதிகாரி என்று நினைத்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்து நீண்டிருந்தது. கூந்தலை இழுத்துக் கொண்டையாக இறுக்கியிருந்ததில் கண்கள் மேலே ஏறியிருந்தன. கட்டிப்பிடித்தபோது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது.

"சாப்பிட்டியா? பசிக்குதா?"

"இந்தப் பயிற்சி வீரருக்குப் பசியில்லை, மேடம்," என்றாள் காமில். சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அங்க 'நான்'னு சொல்லக் கூடாது. அதே வாயில வருது."

"பரவால்ல."

"பசிக்கல அம்மா."

அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த பாத்திரங்கள் மேஜை கொள்ளாமல் இருந்தன. இறைச்சி வைத்துச் சுட்ட டூர்ட்டியேர், கோழிக் குழம்பு, துணியில் சுற்றிய, தோசை மாதிரியான ப்ளாய் அடுக்கு. லூசியன் ப்ளாயை வெண்ணெய் தடவிச் சுருட்டிக் குழம்பில் தோய்த்துத்தான் சாப்பிடுவான். காமிலும் அப்படித்தான். அன்று அவள் எதையும் தொடவில்லை. மறுநாள் காலையிலும் ஒரு மிடறு காபியோடு எழுந்துவிட்டாள். அழவுமில்லை. அப்பாவின் படுக்கை இருந்த இடத்தில், கார்ப்பெட்டில் நான்கு சக்கரக் குழி பதிந்திருந்த இடத்தில், கொஞ்ச நேரம் நின்றாள். நிற்கும்போது கால்களைச் சேர்த்து வைத்திருந்தாள்.

கோயிலில் ஊர் முழுக்க இருந்தது. பூசை முடிந்து பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். குழி தோண்டவில்லை. தரை ஐந்தடிக்கு உறைந்திருந்தது. குளிர்காலத்தில் போகிறவர்களை ஓரத்தில் இருக்கும் கல் அறையில் வைத்துப் பூட்டுவார்கள். வசந்தம் வந்து மண் இளகிய பிறகுதான் அடக்கம். உள்ளே ஏற்கெனவே இரண்டு பெட்டிகள் இருந்தன. லூசியனுடையதை மூன்றாவதாகத் தள்ளினார்கள்.

"மே மாசம் முதல் வாரம் இல்லன்னா ரெண்டாவது வாரம்," என்றார் அடக்கக்காரர், தொப்பியைக் கையில் பிடித்தபடி. "தேதி முடிவானதும் சொல்றேன் நோயெலா."

"மே மாசம் நான் எங்க இருப்பேன்னு தெரியாது," என்றாள் காமில். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பூட்டு மாட்டுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். காமில் கை கொடுத்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தாள். ஜானின் அவள் தட்டில் எதையோ வைத்தாள், அது அப்படியே இருந்தது. பொழுது சாய்வதற்குள் அம்மாவும் பெண்ணும் கிளம்பினார்கள். நோயெலா காரை ஓட்டினாள். சாலையின் இரண்டு பக்கமும் பனி ஆளுயரத்துக்கு வாரிக் குவிக்கப்பட்டிருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் காமில் இறங்கவில்லை.

"அப்பாதான் சொல்ல வேண்டாம்னாராமே. அத்தை சொன்னாங்க."

நோயெலா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆமா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அதற்கான வார்த்தை பழகிப்போய் நாக்கு நுனியில் இருந்தது.

"இல்ல," என்றாள். "அவர் ஒரு தடவ கேட்டார். காமிலுக்குச் சொல்லிடலாமான்னு. நான்தான் வேண்டாம்னேன்."

காமில் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப?"

"ஜனவரில. அப்ப நல்லா பேசிட்டிருந்தார்."

"நீ போட்ட கடுதாசில கீழ அப்பா எழுதியிருந்தார். 'பயிற்சி குடுக்கறவங்க நாய்க்குட்டி மாதிரி குரைக்கறாங்களாமே, நீயும் திருப்பிக் குரை'ன்னு." காமில் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். "அதையும் ஜனவரிலதான் எழுதினார்."

"ஆமா."

"சொல்லியிருந்தா வந்திருப்பேன் அம்மா."

"தெரியும்."

"வந்திருந்தா திரும்பப் போயிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்."

காரின் சூடு மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஆவி படர ஆரம்பித்தது.

"கடைசில என்னக் கேட்டாரா?"

"ஸ்கூல் பஸ் வந்துடுச்சான்னு கேட்டார். நீ குல்லா போட்டுக்கலன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் வரலன்னேன்." நோயெலா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "அவர் போறப்ப நான் பக்கத்துல இல்ல. உன் மெழுகுவர்த்தி அணைஞ்சிருச்சு, அதப் பத்தவெக்கப் போயிருந்தேன்."

காமில் தலையைத் திருப்பி அம்மாவை முழுதாகப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்படி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. என்னவோ சொல்லப் போகிறாள் என்று நோயெலா காத்திருந்தாள். அது எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். காமில் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். பனியில் நேராக நடந்து போய் வீட்டுக்குள் நுழைந்தாள்.

சமையலறை விளக்கு எரிந்தது.

நோயெலா கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையுறையால் துடைத்தாள். ஜன்னலில் காமில் தெரிந்தாள். சீருடைக் கோட்டைக் கழற்றாமல், மேஜைக்கு முன்னால் நின்றபடி, டூர்ட்டியேர் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, சூடாக்காமல், தட்டில் போடாமல், அப்படியே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதுகு நேராக இருந்தது. ஒரு கை உடம்போடு ஒட்டியிருந்தது. யாரோ பின்னால் நின்று விரட்டுவதுபோல, மென்றும் மெல்லாமலும், வேகவேகமாக. துணியைப் பிரித்து ஒரு ப்ளாயை எடுத்தாள், வெண்ணெயைத் தேடினாள், கிடைக்காமல் அப்படியே சுருட்டி வாயில் வைத்தாள்.

வெண்ணெய் குளிர்பெட்டியின் மேல் தட்டில், முட்டைக்குப் பின்னால் இருந்தது. போய் எடுத்துக் கொடுக்கலாம். உள்ளே போனால் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள் என்று நோயெலாவுக்குத் தோன்றியது. கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு இருக்கையிலேயே சாய்ந்தாள். மூச்சில் கண்ணாடி மறுபடி மங்கியது. அதை அவள் துடைக்கவில்லை.